காட்டேரிக்குத் தொண்டை சரியில்லை

தப்பா நெனச்சுக்காதீங்க சார். நீங்க அன்பா ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தீங்க, அவ வாங்கிக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லல. திமிரெல்லாம் கிடையாது. தொண்டை சரியில்ல. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அவகிட்ட ஏதாவது கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன். எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான். பேட்டின்னாலும் சரி, ரேஷன் கடைன்னாலும் சரி, அவளுக்கும் சேத்து நான்தான் பேசுவேன்.

என் சம்சாரம் சார். தமயந்தி. பஸ்ஸுல ஜன்னல் பக்கம்தான் உக்காருவா, காத்து வேணும் அவளுக்கு.

மேல இருக்கிற பொட்டியா? கிடாரு. நாங்க பாட்டுக் குழு வச்சிருக்கோம். கல்யாண மெல்லிசை இல்ல சார், ராக் மியூசிக். அதுலயும் ஒரு வகை இருக்கு, மேடையில ஏறி பாக்கிறவனைப் பதற வைக்கிற வகை. முகத்துல சாம்பல், வாயில ரத்தம், ஸ்ட்ரெச்சர், வெள்ளைத்துணி, எல்லாம் உண்டு. குழுவுக்குப் பேரு பிணவறை.

சிரிச்சுக்குங்க, பரவால்ல. எல்லாரும் சிரிப்பாங்க. அந்தப் பேரை வச்சுக்கிட்டு ஊர் ஊராப் போறவனுக்குத்தான் அதோட கஷ்டம் தெரியும். பாண்டிச்சேரியில ஒரு லாட்ஜுல எங்கேருந்து வர்றீங்கன்னு மேனேஜர் கேட்டாரு. நான் அசதியில, பிணவறையிலேருந்துன்னு சொல்லிட்டேன். மனுஷன் எழுந்து நின்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. தவறினவங்க உங்களுக்கு என்ன உறவுன்னு கேட்டாரு. டீ வாங்கிட்டு வரச் சொல்லி ஆளனுப்பினாரு. நானும் குடிச்சேன். விளக்கம் சொல்லச் சக்தி இல்ல சார். அப்பவே அசந்து போயிருந்தேன். டூர் ஆரம்பிச்சு அதுதான் ரெண்டாவது ஊரு.

இந்தச் சீசன்லதான் எங்களுக்குன்னு தனியா ஒரு டூர் அமைஞ்சுது. அதுவரைக்கும் வேற குழு ஆடறதுக்கு முன்னால ஆடறவங்கதான் நாங்க. சாயங்காலம் பெரிய குழு வரும், மத்தியானம் உச்சி வெயில்ல எங்களை ஏத்தி விடுவாங்க. முகத்துல பூசின சாம்பல் வேர்வையில கரைஞ்சு கழுத்துல வழியும். எதிர்ல நாற்காலிங்க காலியா இருக்கும், பசங்க பிரியாணிக்கு வரிசையில நிப்பாங்க. அந்த வெயில்ல பேயைக் காட்டினா யாரு சார் பயப்படுவா. அப்படியே வருஷம் ஓடிப்போச்சு. எனக்கு நரைச்சுது. பழைய இரும்புக் கடையில வாங்கின ஸ்ட்ரெச்சரை வேன்ல ஏத்தி ஏத்தி முதுகுவலி வந்துச்சு. டிரம்ஸ் வாசிக்கிற ஜோயலு சேரும்போது காலேஜ் பையன். இப்ப அவனுக்கே பொண்ணு ஸ்கூலுக்குப் போகுது.

தமயந்தி மெல்லிசைக் குழுவுலதான் பாடிக்கிட்டிருந்தா. பெரம்பூர்ல ஒரு வரவேற்புல கேட்டேன். நல்ல குரல். தேன் மாதிரி இருக்குன்னு பக்கத்துல இருந்தவங்க எல்லாம் சொன்னாங்க. எனக்குத் தேன் தேவைப்படல சார். தேன் எல்லாக் குழுவுலயும் இருக்கு. எனக்குக் கேட்டது அதுக்கு அடியில இருந்த ஒண்ணு. கல்யாணம் ஆனப்புறம் எங்க மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் அலறச் சொன்னேன். வெக்கப்பட்டா. எதுக்குங்கன்னு கேட்டா. சும்மா, யாரு மேலயாவது உள்ள கோவம் இருந்தா அதை நெனச்சுக்கிட்டு கத்துன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. அப்புறம் கத்தினா பாருங்க, எதிர்வீட்டுல குக்கரை இறக்கி வச்சுட்டு ஓடி வந்தாங்க. அன்னிக்கே காட்டேரின்னு பேரு வச்சுட்டேன். போஸ்டர்ல அந்தப் பேருதான் போகும். தமயந்தின்னு இங்க யாருக்கும் தெரியாது.

யாரு மேல கோவம்னு நான் கேட்டதில்ல. கலைஞர்களை அப்படியெல்லாம் நோண்டக் கூடாது சார்.

டூர் விஷயத்துக்கு வர்றேன். சென்னை, பாண்டி, சேலம், கோயமுத்தூரு, மதுரை, கடைசியா திருச்சி. எல்லா ஊருலயும் நாங்கதான் மெயின். எங்களுக்கு முன்னால ஆட வேற சின்னப் பசங்க. அவங்க மத்தியானம் வேர்வையில நிக்கிறதைப் பாக்கும்போது மனசுக்கு ஒரு மாதிரி நிம்மதியா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

ஷோ எப்படின்னா, மேடை இருட்டா இருக்கும். நடுவுல ஸ்ட்ரெச்சர். அதுமேல வெள்ளைத்துணி போத்தி அவ படுத்திருப்பா, கால் கட்டைவிரல்ல, பிணத்துக்குக் கட்டற மாதிரி, ஒரு சீட்டு கட்டியிருக்கும். ஜோயல் டிரம்ஸை மெதுவா ஆரம்பிப்பான். நான் கிடார்ல நுழைவேன். அப்ப துணியோட எழுந்து உக்காந்து ஒரு அலறல். அங்கேருந்து கடைசிவரைக்கும் நிறுத்தமே கிடையாது. கடைசிப் பாட்டு முடியறப்ப வாயிலேருந்து ரத்தம் வழியணும். பீட்ரூட்டுச் சாறுல தேனும் கொஞ்சம் சோளமாவும் கலந்து, சின்ன பாட்டில்ல ஊத்தி ஸ்ட்ரெச்சருக்கு அடியில வச்சிருப்போம். நேரம் வரும்போது குனிஞ்சு வாயில ஊத்திக்குவா.

சென்னையில நல்லாப் போச்சு. பாண்டியிலயும் குறையில்ல. சேலத்துலதான் என் மனசு உடைஞ்சுது.

சேலத்துல கல்யாண மண்டபம். காலையில ஏதோ மஞ்சள் நீராட்டு விழா நடந்திருக்கு. வாசல்ல கட்டின வாழைமரத்தைக் கூட அவுக்கல. சமையல்கட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டிருந்த அம்மாங்க கையைத் துடைச்சுக்கிட்டு வந்து முன்வரிசையில உக்காந்துட்டாங்க. தமயந்தி எழுந்து அலறுறா, பசங்க கூச்சல் போடுறாங்க, இவங்க அசையல. ரத்தம் வழியறப்பக்கூட வெத்தலை மடிச்சுக்கிட்டிருந்தாங்க. முடிஞ்சு நான் ஒயர் சுத்திக்கிட்டிருக்கேன், ஒரு அம்மா கிட்ட வந்து, தம்பி, எங்க ஊரு மயானக்கொள்ளைத் திருவிழாவுக்கு வந்து பாரு, இதைவிட நல்லா ஆடுவாங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லல. அந்தப் பொண்ணுக்கு மொதல்ல சோறு போடுன்னும் சொன்னாங்க, எலும்பும் தோலுமா இருக்கான்னு.

அன்னிக்கு என்னால சாப்பிட முடியல சார். இத்தனை வருஷம் கழிச்சு எங்க பேருக்குன்னு ஒரு மேடை, அதுல ஒரு கிழவி பயப்படலன்னா என்ன அர்த்தம்? எனக்குப் பதில் தெரிஞ்சுபோச்சு. அலறல் போதல. முடிவுல இன்னொண்ணு வேணும். மூச்சு முட்ட, நீளமா, சபையே காதைப் பொத்திக்கிற மாதிரி. மறுநாள் வேன்லயே தமயந்திகிட்ட சொன்னேன்.

அவ, தொண்டையில மீன் முள்ளு சிக்கின மாதிரி இருக்குங்கன்னா. ரெண்டு நாளா இருக்காம். பாடறவங்க எல்லாருக்கும் இருக்கறதுதான்னு சொல்லி, அதிமதுரம் வாங்கிக் குடுத்தேன். மிளகு போட்டுப் பால் காய்ச்சிக் குடுத்தேன். அந்தப் பிளாஸ்க்கைப் பாருங்க, இப்பவும் வெந்நீர் இருக்கு. அவளுக்கு நான் குறை வச்சதில்ல. வேன்ல கால் நீட்டிப் படுக்கற சீட்டு அவளுக்குத்தான். நாங்க எல்லாரும் ஆம்ப்ளிஃபையர் மேல குந்திக்கிட்டு வருவோம்.

கோயமுத்தூரு. அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். என்ன கூட்டம்ங்கறீங்க. வெளியில நின்னுக்கிட்டு கேட்டவங்களே அத்தனை பேரு. ஒவ்வொரு பாட்டுக்கும் சபை திருப்பிப் பாடுது. எங்க பாட்டு சார், எங்க வீட்டு ஹால்ல ஒக்காந்து நான் எழுதினது. கடைசிப் பாட்டு முடியுது, நான் சொன்ன அந்த நீள அலறலைத் தமயந்தி எடுக்கிறா. மேல போகுது, இன்னும் மேல போகுது, அங்க ஒரு இடத்துல கண்ணாடி கீறின மாதிரி ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்ல. வாய் மட்டும் திறந்திருக்கு. ரத்தம் வழியுது. தாடையில, வெள்ளைத்துணியில. சபை எழுந்து நின்னு கத்துது. நான் கண்ணை மூடிக்கிட்டு கிடாரை வாசிச்சேன். அந்த மாதிரி நான் என் ஆயுசுல வாசிச்சதில்ல.

பின்னால போனவுடனே ஜோயல்கிட்ட கேட்டேன், இன்னிக்கு ரத்தம் கலர் அருமையா இருந்துச்சே, யாரு கலக்கினான்னு.

அவன் அந்தச் சின்ன பாட்டிலை என் கையில குடுத்தான். "மூடியே திறக்கலண்ணே"ன்னான்.

மறுநாள் காலையில ஆஸ்பத்திரி. நான்தான் கூட்டிட்டுப் போனேன். மூக்கு வழியா டியூப் விட்டு டி.வி.யில காட்டினாரு டாக்டர். குரல் நாண்ல ரத்தக் குழாய் வெடிச்சிருக்குதாம். செவப்பா வீங்கிக் கிடந்துச்சு. ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாதுன்னாரு. பாட்டைப் பத்தி இப்போதைக்கு நெனைக்கவே வேண்டாம்னாரு. மதுரை ஷோ ரெண்டு நாள்ல இருக்குன்னு நான் சொன்னேன். அவரு என்னைப் பாக்காம அவளைப் பாத்து, அம்மா, உங்க குரல் உங்களுக்கு வேணுமா வேண்டாமான்னு கேட்டாரு. வேணும்னு நான் சொன்னேன்.

கேன்சல் பண்றது சும்மா இல்ல சார். போஸ்டர் ஒட்டியாச்சு. நாங்க மெயினா போற மொத டூரு, அதுல பாதியில விட்டா அடுத்து எவன் கூப்பிடுவான்? திரும்பவும் மத்தியான வெயிலுக்குத்தான் போகணும். யோசிச்சு யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சேன். சென்னை ஷோவைப் பதிவு பண்ணி வச்சிருந்தோம். அவ குரலை மட்டும் பிரிச்சு ஸ்பீக்கர்ல விடறது. நாங்க வாசிப்போம். அவ வாயை அசைச்சா போதும், தொண்டைக்கு வேலையே இல்ல. பேசக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு. எழுந்து நிக்கக் கூடாதுன்னு சொல்லலையே.

லாட்ஜுல எல்லாரையும் உக்கார வச்சுச் சொன்னேன். தமயந்திகிட்ட, உனக்குச் சம்மதமான்னு கேட்டேன். கேக்காம நான் எதையும் செய்யறதில்ல. அவ தலையை ஆட்டினா. இந்த ஜோயல் என்ன சொல்றான் தெரியுமா, அக்கா வேணாம்னு ஆட்டினாங்கங்கறான். கூட வாழறவன் நான். அவ தலையாட்டுறது எனக்குப் புரியாதா, அவனுக்குப் புரிஞ்சிடுமா?

மதுரையில மண்டபம் நிரம்பி வழிஞ்சுது. கோயமுத்தூரு சேதி பரவியிருந்துச்சு, நெஜ ரத்தம்னு. இருட்டு. ஸ்ட்ரெச்சர். வெள்ளைத்துணி. நானே போத்தி விட்டு, கால் விரல்ல சீட்டு கட்டினேன். கால் ஜில்லுன்னு இருந்துச்சு. தேய்ச்சு விட்டேன். ஜோயல் ஆரம்பிச்சான். நான் நுழைஞ்சேன். ஸ்பீக்கர்ல அவளோட அலறல் வந்துச்சு.

துணி அசையல.

எழுந்திருக்க வேண்டிய இடத்தை அவ தவற விட்டுட்டான்னு நெனச்சேன். முதல் பாட்டு ஓடுது, அவ எழுந்திருக்கல. சபை விசிலடிச்சுது, காட்டேரி காட்டேரின்னு கூப்பிட்டுது. ரெண்டாவது பாட்டு. அவ குரல் மண்டபம் முழுக்க நிக்குது, ஆள் துணிக்கடியில கிடக்கா. கொஞ்சம் கொஞ்சமா விசில் நின்னுது. யாரும் போன்கூட எடுக்கல சார். முன்வரிசையில ஒரு பொண்ணு அழ ஆரம்பிச்சுது. பின்னால ஒருத்தர் எழுந்து, யோவ், அந்தம்மாவுக்கு என்னன்னு பாருங்கய்யான்னு சொன்னாரு. நான் வாசிச்சுக்கிட்டே இருந்தேன். நிறுத்தினா எல்லாம் போச்சுன்னு எனக்குத் தெரியும்.

ஜோயல்தான் நிறுத்தினான். குச்சியைக் கீழ வச்சுட்டு, டிரம்ஸைச் சுத்திக்கிட்டு நடந்து போய் துணியை விலக்கினான். அவ கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் படுத்திருந்தா. சாம்பல் பூசின முகத்துல காது வரைக்கும் ரெண்டு கோடு, தண்ணி ஓடின கோடு. "வாங்கக்கா, போலாம்"னான். கையைப் புடிச்சு எழுப்பினான். சீட்டு கட்டின காலோட நடந்து ரெண்டு பேரும் உள்ள போயிட்டாங்க. ஸ்பீக்கர்ல அவ பாடிக்கிட்டே இருந்தா. அதை நிறுத்தணும்னுகூட யாருக்கும் தோணல. சபை எழுந்து நின்னுது. கை தட்டல. சும்மா நின்னுது.

அவங்க பயந்துட்டாங்க சார். உங்களுக்குப் புரியுதா? இத்தனை வருஷத்துல மொத தடவையா ஒரு சபை நெஜமா பயந்துச்சு. ரத்தம் இல்ல, அலறல் இல்ல, சும்மா படுத்துக் கிடந்தே அவ அதைச் செஞ்சுட்டா. சேலத்து அம்மா அங்க இருந்திருந்தா வெத்தலையைக் கீழ போட்டிருப்பாங்க. எனக்குத் தோணவே இல்ல பாருங்க, அவளுக்குத் தோணியிருக்கு. கலைஞின்னா அதுதான். நான் உள்ள ஓடிப் போய் அவளைக் கட்டிக்கிட்டு, பிரமாதம், பிரமாதம்னு சொன்னேன். அவ முகத்தைக் கழுவிக்கிட்டிருந்தா. கழுவிக்கிட்டே இருந்தா.

ஜோயல் விலகிட்டான். கடைசியா கோபமா ஏதோ சொன்னான், அதை இப்ப எதுக்கு. திருச்சி ஷோ தள்ளிப் போச்சு. அதுக்குத்தான் இப்ப போறோம். ஹால்காரரு நேர்ல வாங்க பேசலாம்னாரு. மதுரையில நடந்ததையே நிகழ்ச்சியா வச்சுக்கலாம்னு சொல்லப் போறேன். முழுக்க அவ துணிக்கடியிலயே இருப்பா. குரல் பதிவுல. தொண்டைக்குக் கஷ்டமே இல்ல. டிரம்ஸுக்கு வேற ஆள் பாத்துட்டேன், துணியை விலக்கற கட்டம் மட்டும் சொல்லிக் குடுக்கணும். ஹால்காரரும் ஒருதடவை இவளை நேர்ல பாக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்.

இப்ப எப்படி இருக்குன்னு கேக்கறீங்களா? ஆறிடுச்சு சார். போன வாரம் காட்டினப்ப, நல்லா ஆறிடுச்சு, இனிமே கொஞ்சம் கொஞ்சமாப் பேசலாம்னு டாக்டர் சொன்னாரு. இவ இன்னும் ஆரம்பிக்கல. ஜாக்கிரதையா இருக்கா. வீட்டுல நான் ஏதாவது கேட்டா தலையாட்டுவா, இல்லன்னா ஆட்ட மாட்டா. மொட்டை மாடியில போனைக் காதுல வச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாத்தேன். அவங்க அக்கா பேசுவாங்க, இவ கேட்டுக்கிட்டு இருந்திருப்பா. ஒருநாள் சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு.

எனக்கும் அலுத்துப்போச்சு சார். இந்த ஒண்ணை மட்டும் முடிச்சுட்டா போதும்னு இருக்கு. மொத டூரை முழுசா முடிச்சோம்னு ஒரு பேரு. அப்புறம் ஒரு மாசம் அவளை எங்கயாவது கூட்டிட்டுப் போய்...

இருங்க, என்ன எழுந்திருக்கா. பாத்ரூமா? பெரம்பலூர் நாலு ரோடுதானே வருது, இன்னும் கொஞ்ச நேரம்தான். பையை எதுக்கு எடுக்கற? அது உன் பைதானே, இருக்கட்டும், நான் எடுத்துட்டு வர்றேன். சார், கொஞ்சம் காலை மடக்கிக்குங்க, அவ போகணும்கறா.

சார்.

கேட்டீங்களா சார். கேட்டீங்களா நீங்களும்? "நிறுத்துங்க, இறங்கணும்"னு டிரைவர்கிட்ட சொன்னா. பஸ்ஸு முழுக்கத் திரும்பிப் பாக்குது. என்ன தெளிவா வந்துச்சு. ஒரு பிசிறு இல்ல. நான் சொல்லல, ஆறிடுச்சுன்னு?

அங்க பாருங்க, அவங்க அக்கா. ஸ்கூட்டரை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. இங்க பெரம்பலூர்லதான் வீடு. இவ வர்றது எப்படித் தெரிஞ்சுது? ஓ, பையை வாங்கிக்கிறாங்க. ரெண்டு நாள் இருந்துட்டு வரணும்னு தோணியிருக்கும். இருக்கட்டும். நான் ஹால்காரரைப் பாக்கணும், இறங்க முடியாது. கண்டக்டர், போலாம், போலாம், அவங்க இறங்கிட்டாங்க.

அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்கிறா, பாருங்க. கை காட்டறேன், கவனிக்கல.

தள்ளி உக்காருங்க சார், இடம் இருக்கு. என்ன குரல். அந்த ரெண்டு வார்த்தையை மேடையில சொன்னாக்கூட, கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்.